டிரான்சிஸ்டர் தொகுப்புச் சிப்பில் ஓர் ஏணி ஃபில்டர்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

சிந்தசைசர் ஒலியின் உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஏணி ஃபில்டரைக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தச் சிப்பைப் போட்டால் ஒலி நன்றாக இருக்கும் என்பதுதான். 3046 என்ற தொகுப்புச் சிப்பை (ஒரே சிலிக்கான் துண்டில் ஐந்து டிரான்சிஸ்டர்கள்) வைத்துக் கட்டிய ஃபில்டர் ஒன்று என் சிந்தசைசரில் சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வாசித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிப்பால் ஒலியின் நிறம் மாறுவது மிகக் கொஞ்சம். என்வலப் (சுரம் எழுந்து அடங்கும் விதத்தைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம்) சட்டென்று ஏறும்போது ஸ்பீக்கர் 'தொம்' என்று இடிக்கிறதா, அறை சூடேறினால் சுருதி நகர்கிறதா என்பவைதான் சிப்பைப் பொறுத்தவை. அந்த இரண்டுக்காகத் தொகுப்புச் சிப் வாங்கலாம். 'சூடான ஒலி', 'கொழுத்த ஒலி' என்றெல்லாம் விற்பனைக் குறிப்புகளில் எழுதுகிறார்களே, அதற்காக வாங்க வேண்டியதில்லை.

சுற்று பழையது. சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். அடியில் ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி, அதன்மேல் நான்கு ஜோடிகள். மேலே உள்ள நான்கு படிகளிலும் இடது, வலது எமிட்டர்களுக்குக் குறுக்கே ஒவ்வொரு மின்தேக்கி. (எமிட்டர், பேஸ், கலெக்டர் என்பவை ஒரு டிரான்சிஸ்டரின் மூன்று முனைகள்.) அடி ஜோடியின் எமிட்டர்கள் சேரும் இடத்திலிருந்து உறிஞ்சப்படும் மின்னோட்டம் எல்லாப் படிகளின் வழியாகவும் இறங்குகிறது. அது கூடினால் எமிட்டரின் உள்தடை குறைந்து ஃபில்டர் திறக்கும், குறைந்தால் மூடிக்கொள்ளும். நான்கு படிகளும் சேர்ந்து ஸ்தாயிக்கு 24 டெசிபெல் சரிவைத் தருகின்றன. மினிமூக் சிந்தசைசரில் உள்ளதைப் போல 68 நானோஃபாரட் மின்தேக்கிகளைப் போட்டால், வெட்டு அதிர்வெண் (அதற்கு மேலே உள்ள ஒலியை ஃபில்டர் குறைக்கும்) 1000 ஹெர்ட்சில் நிற்க ஏறக்குறைய 44 மைக்ரோஆம்பியர் போதும். 20,000 ஹெர்ட்ஸ் வரை திறக்க ஒரு மில்லியாம்பியர்கூடத் தேவைப்படாது.

பத்து டிரான்சிஸ்டர்களும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். பை நிறையச் சில்லறை டிரான்சிஸ்டர்களை வாங்கி, நாள் முழுக்க அளந்து பிரிப்பவர்களும் உண்டு. அத்தனை பாடு தேவையில்லை. ஒத்திருக்க வேண்டியவை அடி ஜோடியும் உச்சி ஜோடியும்தான். அடி ஜோடியில் இரு பக்கத்துக்கும் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட் வேறுபட்டால், ஒரு பக்கத்தில் மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டம் கூடுதலாகப் பாயும். கட்டுப்பாட்டு மின்னோட்டம் ஏறி இறங்கும்போது அந்த ஏற்றத்தாழ்வும் கூடவே ஏறி இறங்கி வெளியீட்டில் இடியாகக் கேட்கும். உச்சி ஜோடியின் எமிட்டர்களுக்கு இடையிலிருந்துதான் ஒலியை எடுக்கிறோம் என்பதால் அங்கே உள்ள வேறுபாடும் நேராக வெளியே வந்துவிடும். நடுவில் உள்ள மூன்று படிகள் இந்த விஷயத்தில் பரம சாதுக்கள்.

3046-இன் உள்ளமைப்பு இதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. பதினான்கு கால்கள், ஐந்து என்பிஎன் டிரான்சிஸ்டர்கள். முதல் இரண்டின் எமிட்டர்கள் உள்ளேயே இணைந்து 3-ஆம் காலில் வெளிவருகின்றன. அது அடி ஜோடி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் எமிட்டர்கள் தனித்தனி. அது உச்சி ஜோடி. ஐந்தாவதன் எமிட்டர் 13-ஆம் காலில் சிப்பின் அடித்தளத்தோடு சேர்ந்திருக்கிறது. அந்தக் காலை, முழுச் சுற்றிலும் உள்ளவற்றிலேயே மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் கட்டிவிட வேண்டும். ஐந்தாவதை நான் பயன்படுத்தவில்லை. பேஸை எமிட்டரோடு இணைத்துத் தூங்கவிட்டிருக்கிறேன். நடுப்படிகளுக்குச் சாதாரண 2என்3904 தனி டிரான்சிஸ்டர்கள் ஆறு. முதல் ஜோடிக்கு உற்பத்தியாளர் உறுதியளிக்கும் உச்ச வேறுபாடு 5 மில்லிவோல்ட் என்றாலும், வழக்கமாக அது அரை மில்லிவோல்ட்டுக்கு உள்ளேதான் இருக்கும். மிச்சத்தை ஒரு டிரிம்மரால் (திருகிச் சரிசெய்யும் சிறு மின்தடையால்) சரிக்கட்டிவிடலாம். ஒரு முறை திருப்பி வைத்த டிரிம்மரைப் பிறகு நான் தொடவே இல்லை. இரு பக்கமும் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதுதான் காரணம். தனி டிரான்சிஸ்டர்களில் ஒன்றன்மேல் விரலை வைத்தாலே டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் நகர்ந்துவிடும். காலையில் அளந்து சேர்த்த ஜோடி மாலையில் பிரிந்துவிடும்.

முழு ஏணியையும் தொகுப்புச் சிப்பிலேயே கட்டிப் பார்க்கும் ஆசையும் வந்தது. அதற்கு 3046 பொருந்தாது. ஒவ்வொரு சிப்பிலும் எமிட்டர் தனித்த ஜோடி ஒன்றுதான் கிடைக்கும். சிஏ3083 என்ற தொகுப்புச் சிப் வேறு வகை. பதினாறு கால்கள், ஐந்து டிரான்சிஸ்டர்களும் முழுக்கத் தனித்தனி, அடித்தளத்துக்கும் தனிக் கால். இரண்டு சிப் போட்டால் சரியாகப் பத்து. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடிகள் போக ஒன்று மிஞ்சும். அந்த இரண்டையும் சேர்த்து நடுப்படியில் வைத்தேன். பலகை அழகாகச் சிறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பழையது எது, புதியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது 3046-க்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. குமிழிலிருந்தும் விசைப்பலகையிலிருந்தும் வரும் மின்னழுத்தத்தை அடுக்குக்குறி மின்னோட்டமாக மாற்றும் பகுதி அது. பேஸில் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கும், அதாவது ஒரு ஸ்தாயி. இந்த 18 வெப்பநிலையைப் பொறுத்தது. அடிப்படைச் சுருதியிலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால், ஒரு டிகிரி மாற்றத்துக்கு 12 சென்ட் விலகும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). எட்டு டிகிரி போதும், ஓர் அரைச்சுரம் போய்விடும். டிகிரிக்கு 3300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3300 பங்கு) ஏறும் சிறப்பு மின்தடையைச் சிப்பின் முதுகில் ஒட்டுவது ஒரு வழி. மிச்ச டிரான்சிஸ்டர்களில் ஒன்றை அடுப்பாகவும் ஒன்றை வெப்பமானியாகவும் வைத்துச் சிப்பையே நிலையான சூட்டில் வைப்பது இன்னொரு வழி. இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். அடுப்பு வழி புத்திசாலித்தனமானது. கட்டுவதில் தனி இன்பமும் இருக்கிறது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் காத்திருக்க வேண்டும், மின்சாரமும் சும்மா தின்கிறது. ஆசிலேட்டருக்குத் தகும், ஃபில்டருக்கு மிகை. மேலும், இந்தப் பகுதியை எவ்வளவு சரிசெய்தாலும் ஏணி தானாகவே டிகிரிக்கு ஏறக்குறைய 6 சென்ட் இறங்கும், அதன் எமிட்டர் உள்தடையும் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால். ஃபில்டரை ஊளையிட வைத்து அதையே சுரமாக வாசிப்பவர்களுக்குத்தான் இது பொருட்டு. நான் அப்படி வாசிப்பதுண்டு. அறை வெப்பம் நிலையாக இருக்கும்வரை நான்கு ஸ்தாயிக்குக் காது உறுத்துவதில்லை.

ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது உள்ளீட்டின் அளவு. பல வோல்ட் வீச்சில் வரும் ஆசிலேட்டர் ஒலியைச் சில பத்து மில்லிவோல்ட்டாகச் சுருக்கித்தான் அடி ஜோடிக்குக் கொடுக்கிறோம். உச்சம் 10 மில்லிவோல்ட் என்றால் அடி ஜோடி உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் (மூல அதிர்வெண்ணின் மும்மடங்கில் எழும் கலப்படம்) 0.3 சதவீதம்தான்; 26 மில்லிவோல்ட் ஆனால் 2 சதவீதம். 10-இல் ஒலி சுத்தம், பின்னணி இரைச்சல் கொஞ்சம் கேட்கும். 26-ஐத் தாண்டினால் இரைச்சல் அடங்கி, அலையின் முனைகள் மழுங்கி, எல்லோரும் தேடும் அந்தக் கெட்டியான ஒலி வருகிறது. ஆகவே சிப்புக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள், உள்ளீட்டில் மலிவான ஒரு பொட்டென்ஷியோமீட்டரைக் கூடுதலாக வைக்கட்டும். பெரும்பாலான வரைபடங்களில் அங்கே நிலையான மின்தடைதான் போட்டிருக்கிறார்கள். ஏனென்று எனக்கு விளங்கியதே இல்லை. என் பலகையில் அதிகம் திருகப்படுவது அந்தக் குமிழ்தான்.

அடுத்தது ரெசனன்ஸ்: வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டு, வெட்டு அதிர்வெண்ணின் அருகே ஒலியை உயர்த்துவது. பின்னூட்டத்தின் பெருக்கம் 4-ஐ எட்டும்போது ஃபில்டர் தானாக அலையத் தொடங்கும். அந்த இடத்தில் தாழ்ந்த சுரங்களின் பலம் ஐந்தில் ஒன்றாக, அதாவது 14 டெசிபெல் சரிந்திருக்கும். உள்ளீட்டில் ஒரு பங்கைப் பின்னூட்டப் பாதையிலும் கலந்துவிட்டால் இழந்ததை மீட்கலாம். முழுவதும் மீட்டால் ரெசனன்ஸ் ஏறும்போது வரவேண்டிய நாடகம் போய்விடுகிறது. பாதி மீட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. பேஸ் கிட்டார் வகை ஒலிகளையே வாசிப்பவர் முழுவதையும் கேட்பார்.

இத்தனை காலத்தில் சிப் எதுவும் கெடவில்லை. கெட்டவை எல்லாம் அசையும் பொருள்கள்: ரெசனன்ஸ் குமிழ் கரகரக்கத் தொடங்கியது, மலிவான சிப் சாக்கெட் ஒன்று பிடி தளர்ந்து அவ்வப்போது ஒரு பக்கத்தை விட்டது. கடைசல் காலுள்ள சாக்கெட் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. மின்தேக்கிகள் ஃபிலிம் வகை, அப்படியே இருக்கின்றன.

வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஆர்சிஏவில் பிறந்து ஹாரிஸ், இன்டர்சில் எனக் கைமாறிய இந்தச் சிப், நீள்கால் உறையில் இப்போது பெரும்பாலும் பழைய இருப்பாகவே புழங்குகிறது. எழுத்தை அழித்து மறு அச்சிட்டவையும் நடுவே கலந்துவிடுகின்றன. ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கட்டில் ஒன்றுகூட 3046 இல்லை. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை 13-ஆம் காலில் பிடியுங்கள். கறுப்பு முனையை 1, 5, 8, 11, 14 ஆகிய கால்களில் வைத்தால் ஒவ்வொன்றிலும் டயோடு வீழ்ச்சி தெரிய வேண்டும், அவை கலெக்டர்கள். பிறகு சிவப்பை 2-இலும் 4-இலும் மாற்றி மாற்றி வைத்துக் கறுப்பை 3-இல் பிடித்தால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சிப்பைச் சாக்கெட்டில் செருகுவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். தேறாதவற்றைத் திருப்பி அனுப்பவும் அப்போதுதான் வசதி.