நன்னடத்தைப் பிணையும் மேற்பார்வையும்: ஒரு ஜாமீன்தாரரின் மதிப்புரை

என் சித்தப்பா மகனுக்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவன் என்ற முறையில், சிறைத் தண்டனைக்கு மாற்றாக நீதிமன்றம் வழங்கும் நன்னடத்தை மேற்பார்வை என்னும் சேவையை இரண்டு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் மீது வழக்கு நடக்கும்போது பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கிய சண்டையில், தம்பி கையில் கிடைத்த இரும்புக் குழாயால் பக்கத்து வீட்டுக்காரரை அடித்துவிட்டான். அவருக்கு நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324ஆம் பிரிவில், அதாவது மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கக்கூடிய பிரிவில், வழக்குப் பதிவானது. அடிதடி வழக்கு என்றாலே உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அது சரியல்ல. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பொதுவாக மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களைத்தான் விலக்கி வைக்கிறது. குற்றம் வன்முறை சார்ந்தது என்பதற்காக மட்டும் கதவை மூடுவதில்லை. அதோடு, தீர்ப்பு நாளில் 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், குற்றம் செய்தவரின் பின்னணியை விசாரித்து மேற்பார்வையும் செய்யும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் பரிசீலித்து, வேறு வழி ஏன் பொருந்தாது என்பதற்கான காரணங்களை நீதித்துறை நடுவர் எழுத்தில் பதிய வேண்டும். தம்பிக்கு அன்று வயது இருபதரை.

இந்தச் சேவையின் உயிர் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. அலுவலர் முன்னறிவிப்பின்றி ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா கொடுத்த நாற்காலியில் உட்காராமல், அடுக்களை வரை நடந்து பார்த்தார். தம்பி எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறான், சம்பளத்தை யார் கையில் கொடுக்கிறான், சனிக்கிழமை இரவு யாரோடு இருக்கிறான் என்று சித்தியிடம் தனியாகவும் அவனிடம் தனியாகவும் கேட்டார். பிறகு அவன் வேலை பார்த்த லேத் பட்டறைக்குப் போனார்; அடிபட்டவரின் வீட்டுக்கும் போனார். ஒரு வழக்கைக் காகிதத்தில் மட்டும் பார்த்தால் பிரிவு எண் தெரியும், மனிதன் தெரியமாட்டான். குடித்துவிட்டுத்தான் அடித்தான் என்பதைச் சித்தப்பா மறைக்கப் பார்த்தார், சித்தி மறைக்கவில்லை. அந்த உண்மையால்தான், மது அருந்தக் கூடாது என்ற நிபந்தனை அவனுக்குச் சரியாகப் பொருந்தி வந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

நீதிமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு நன்னடத்தைப் பிணைப் பத்திரமும் (ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி), முதல் ஓராண்டுக்கு அலுவலரின் மேற்பார்வையும் விதித்தது. பத்திரம் மூன்று ஆண்டுகள் வரை போகலாம். மேற்பார்வை ஆணை ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கூடவே, அடிபட்டவருக்கு 20,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவானது. "அடிச்சவன் வீட்டுக்குப் போயிட்டான், நான் ஆஸ்பத்திரிக்கு அலையுறேன்" என்று அவர் நீதிமன்ற வாசலில் என்னிடம் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் தம்பி சிறையில் இருந்திருந்தால் அந்தத் தொகையை அவனால் சம்பாதித்துக் கட்டியிருக்க முடியாது. இரண்டு தவணையாக அவன் உழைத்துக் கட்டிய பணம் அது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாய்த்த அலுவலகம் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தொலைவில் இருந்தது. ஒவ்வொரு முறையும் தம்பிக்கு ஒரு நாள் கூலி போனது. முதல் ஆறு மாதம் அலுவலர் அக்கறையோடு பேசினார். அவர் மாற்றலாகிப் போன பிறகு சந்திப்பு என்பது பதிவேட்டில் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது. குடியை விட்ட புதிதில் பேச்சுத் துணை தேவைப்படும் ஒருவனுக்கு, அந்த ஆறு மாதங்கள் வீணானவை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண்தான் தருவேன். சட்டத்தின் பழமையும் சில இடங்களில் உறுத்துகிறது: நிபந்தனையை மீறினால் மூலக் குற்றத்துக்கே தண்டனை வழங்கலாம், அல்லது பத்திரத்தை நீடிக்கவிட்டு அபராதம் மட்டும் விதிக்கலாம்; அந்த அபராதத்தின் உச்சவரம்பு 1958இல் எழுதிய அதே 50 ரூபாய்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடி அதைத் திருப்பிக் கொடுத்தவர், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுத்தவர், அவதூறு பேசியவர் என ஆறே குற்றங்களோடு அது நின்றுவிடுகிறது. தம்பியைப் போன்ற அடிதடி வழக்குகளுக்கு அதில் இடமில்லை. அவர்களுக்கு இன்றும் கைகொடுப்பது பழைய நன்னடத்தைச் சட்டமே.

வேலை குறித்த கவலை பலருக்கு இருக்கும். இந்தச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு இல்லை என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவரை அவர் நடத்தையைக் காரணம் காட்டித் துறை நீக்குவதை அது தடுக்காது என உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

இந்த வழியை நாடுவோர், தண்டனை அறிவிக்கும் முன்பே நன்னடத்தைச் சட்டப்படி மனுச் செய்யும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். எங்கள் வழக்கறிஞர் நாங்கள் கேட்ட பிறகுதான் அதை எழுப்பினார். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழையும், வேலைக்கு முதலாளியின் கடிதத்தையும் தயாராக வைத்திருங்கள். குற்றம் செய்தவருக்கோ ஜாமீன்தாரருக்கோ அந்தப் பகுதியில் நிலையான வீடோ தொழிலோ இருக்க வேண்டும். அலுவலர் வரும்போது, எங்கள் சித்தியைப் போல, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.