ஸ்ட்ரிப்பா, சென்சரா: சீனி பார்க்க எது போதும்?

கொழும்பு வெள்ளவத்தைப் பாமசிகளில் இரத்தச் சீனி அளக்கும் குளுக்கோமீட்டர் வாங்குகிறவர்கள் மீட்டரின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் இரத்தத்துளி வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் விலையை. மாதாமாதம் காசு கரைவது அதில். மேல்கையில் ஒட்டி விடாமல் சீனி பார்க்கும் சென்சரோ பெரும்பாலும் 10 முதல் 15 நாளில் தீர்ந்துவிடும். மெட்ஃபோமின் குளிசை மட்டும் போடுகிறவருக்கு அந்தச் செலவு அநேகமாகத் தேவையில்லை. இன்சுலின் போடுபவருக்கும், சீனியை மிகவும் இறக்கிவிடக்கூடிய கிளிக்கிளசைட் குளிசை எடுப்பவருக்கும் கதை வேறு: நித்திரையில் சீனி இறங்கினால் அலாரம் உள்ள சென்சர் எழுப்பிவிடும்.

துல்லியத்தில் இரண்டுக்கும் குறையுண்டு. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197இன்படி, 100க்கு (மி.கி./டெ.லீ.) மேலான அளவுகளில் நூற்றுக்கு 95 வாசிப்புகள் 15 வீதக் கூடுதல் குறைவுக்குள் இருந்தால் மீட்டர் தேறிவிடும். உண்மை அளவு 200 என்றால் 170உம் காட்டலாம், 230உம் காட்டலாம். நேற்று 138, இன்று 149 என்று பதறுவது வீண். சென்சர் இரத்தத்தையே தொடுவதில்லை. தோலுக்கடியில் கலங்களுக்கிடையே உள்ள நீரை அளக்கிறது. சீனி வேகமாக ஏறி இறங்கும்போது ஐந்து பத்து நிமிடம் பின்தங்கும். உடம்பு வியர்த்துக் கை நடுங்கும்போது சென்சர் 85 என்று நல்ல அளவைக் காட்டினாலும் நம்பாமல் விரலைக் குத்திப் பாருங்கள். ஒட்டிய கையை அழுத்திப் படுத்தாலும் பொய்யாக இறங்கிக் காட்டும்.

ஸ்ட்ரிப்பைக் கெடுப்பது கொழும்பின் ஈரக்காற்று. குப்பியை உடனே மூடாவிட்டால் மிச்சமெல்லாம் பழுது. மாம்பழம் தின்ற கையோடு குத்தினால் அளவு கூடிவிடும். சானிடைசர் போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பிழிந்தெடுத்தால் திசுநீர் கலக்கும்.

பலர் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்க்கிறார்கள். அதில் இடியப்பம் செய்த வேலை தெரியாது. சாப்பிடுமுன் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. ஒரே சாப்பாட்டுக்கு மூன்று நாள் பாருங்கள். ஆறு ஸ்ட்ரிப் போதும். பின்னளவு 180ஐத் தாண்டினால் இடியப்பத்தைக் குறைத்து, மீன்குழம்பையும் சுண்டலையும் கூட்டி மறுபடி பாருங்கள்.

எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை காட்டுவது மூன்று மாதச் சராசரி; அது மீட்டருக்கு மாற்று அல்ல, துணை. இரும்புச்சத்துக் குறைவில் அது பொய்யாகக் கூடலாம். மெட்ஃபோமின் மட்டும் போடுகிறவருக்கு, வீட்டு அளவுகளோடு அது ஒத்துப்போகாதபோதுதான் ஒருமுறை சென்சர் ஒட்டிப் பார்ப்பது காசுக்குத் தகும்.

லண்டனிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் மீட்டர் வேறு அலகில் (மி.மோல்/லீ.) 7.2 என்று காட்டினால் 18ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 130. அதற்குரிய ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.