கிப்சன் லெஸ் பால் டிரிப்யூட்: பளபளப்பை விட்டுக்கொடுத்தால் கிடைப்பது என்ன?

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்க நினைப்பவர் முன்னால் பொதுவாக மூன்று படிகள் இருக்கின்றன. கீழ்ப்படியில், கிப்சனுக்குச் சொந்தமான எபிஃபோன் பெயரில் விற்கப்படும் லெஸ் பால் நிற்கிறது. மேற்படியில், உடலைச் சுற்றி விளிம்புப் பட்டையும் பளபளக்கும் மெருகும் கொண்ட கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில், கிப்சன் முத்திரையோடும், பளபளக்காத சாட்டின் பூச்சோடும், 2019-ஆம் ஆண்டின் வரிசையில் இன்றைய வடிவத்தைப் பெற்றது லெஸ் பால் டிரிப்யூட். ஆகவே இதை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி, விலையைக் குறைப்பதற்காக எதைக் கழித்திருக்கிறார்கள், கழித்தது வாசிப்பவருக்குத் தேவையானதா என்பதுதான். என் கணிப்பில், கழிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குரியது. கைக்கும் காதுக்கும் உரியவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஒரு சில இடங்களில் அந்த ‘ஏறக்குறைய’ கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது.

சாட்டின் பூச்சைத் தரம் குறைந்த பூச்சு என்று எண்ணுவோர் பலர். டிரிப்யூட்டுக்கு அடிப்பதும் ஸ்டாண்டர்டுக்கு அடிப்பதும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற வகை லாக்கர்தான். வேறுபாடு கடைசிக் கட்டத்தில் வருகிறது. பளபளப்பான கிட்டாருக்குப் பல தடவை லாக்கர் அடித்து, நாட்கணக்கில் உலரவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் மேடுபள்ளங்களைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன் பிறகு சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுகிறார்கள். இதில் பெரும்பகுதி, பழகிய கை மட்டுமே செய்யக்கூடிய வேலை. சாட்டின் லாக்கரிலோ மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் கலந்திருக்கும். உலர்ந்தபின் அவை மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடுமுரடாக்குவதால், விழுகின்ற ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறிப்போகிறது. மங்கலான தோற்றம் வருவது அதனால்தான். தேய்த்துச் சமப்படுத்தும் வேலையும் மெருகேற்றும் வேலையும் இதற்கு வேண்டியதில்லை. எனவே இங்கே மிச்சப்படுவது மரமோ, தந்தியின் அசைவை மின்சைகையாக்கும் பிக்கப்போ அல்ல, தொழிலாளியின் நேரம்.

மெல்லிய பூச்சு மரத்தை மூச்சுவிட வைக்கிறது, அதனால் ஒலி திறந்து வருகிறது என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறோம். அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய மேற்பலகையைப் பொறுத்தவரை இப்பேச்சுக்குப் பொருள் இருக்கலாம். கெட்டியான உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரில் காந்தப் பிக்கப் உணர்வது எஃகுத் தந்தியின் அசைவை. பிக்கப்பின் உயரத்தை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினால் கேட்கும் வேறுபாட்டின் முன்னால், பூச்சின் தடிமன் செய்யும் வேலை கணக்கில் எடுக்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. ஒலிக்காகச் சாட்டின் வாங்குகிறேன் என்று யாரும் தம்மைத்தாமே தேற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சாட்டினின் உண்மையான பயன் நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், இருக்கிறது. இடது கை மேலும் கீழும் ஓடும் அந்தப் பின்பரப்பில், வியர்வை ஏறிய உள்ளங்கை பளபளப்பான லாக்கரோடு ஒட்டிக்கொள்ளும். மெருகு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தோல் அதன்மீது முழுமையாகப் படிந்து இழுபடும். சாட்டின் பரப்பில் தோல் படியும் இடம் குறைவு என்பதால், முதல் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகரும்போது கட்டைவிரல் தடைபடுவதில்லை. இது டிரிப்யூட்டுக்கு மட்டும் உரிய சிறப்பல்ல. இன்னொரு கிட்டார் நிறுவனமான ஃபெண்டரின் பிளேயர் வரிசை ஸ்ட்ராடோகாஸ்டரில் உடலுக்குப் பளபளப்பான பூச்சும் நெக்குக்குச் சாட்டின் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பளபளப்பை விரும்பி வாங்கிய கிட்டாரின் நெக்கை மட்டும் நுண்ணிய எஃகுப் பஞ்சால் தேய்த்து மங்கலாக்கிக்கொள்ளும் வாசிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கியபின் செய்யும் வேலையை டிரிப்யூட் தொழிற்சாலையிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

உடலில் கணக்கு வேறு. சாட்டின் பரப்பின் நுண்மேடுகள் தொடர்ந்து உரசப்படும்போது அமுங்கித் தட்டையாகின்றன. தட்டையான இடம் ஒளியை நேராகத் திருப்பி அனுப்புவதால் அங்கே பளபளப்பு ஏறுகிறது. வலது முன்கை படியும் மேல்விளிம்பு, தொடையில் அமரும் அடிவளைவு, விலா எலும்பு உரசும் பின்புறம் ஆகிய மூன்று இடங்களும் முதலில் மாறும். தொடர்ந்து வாசிக்கப்படும் கருவியில் இம்மாற்றம் வராமல் தடுக்க வழியில்லை. வந்ததை நீக்கவும் எளிய வழியில்லை. நெக்கும் காலப்போக்கில் இவ்வாறே மழமழப்பாகும் என்றாலும், அங்கே அது பெரும்பாலும் ஒட்டும் தன்மை பெறாமல், கைபட்டுப் பழகிய மரத்தின் வழவழப்பையே அடைகிறது. உடலில் அங்கங்கே திட்டாக மின்னும் பளபளப்பைச் சிலர் உழைப்பின் அடையாளம் என்று கொண்டாடுவார்கள், சிலருக்கு அது அழுக்குப் படிந்ததுபோலத் தெரியும். இரண்டாவது வகையைச் சேர்ந்தவர் இந்தக் கிட்டாரை வாங்காமல் இருப்பதே நல்லது, ஏனெனில் மற்றக் குறைகளுக்கு மாற்று உண்டு, இதற்கு இல்லை.

பராமரிப்பில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாதவையே அதிகம். பளபளப்பான கிட்டாருக்கென்று விற்கப்படும் பாலிஷ்களில் சிலவற்றில் தேய்ப்புத் துகள்கள் இருக்கும். சாட்டின்மேல் அவற்றைப் பயன்படுத்தினால் தேய்த்த இடமெல்லாம் மின்னத் தொடங்கும். மெழுகும் சிலிக்கோனும் கலந்தவை நுண்பள்ளங்களில் தங்கிக் கோடுகோடாகத் தெரியும். சற்றே ஈரமான மென்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுப்பது போதும். கிட்டாரை நிறுத்திவைக்கும் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சில ரப்பர், வினைல் உறைகளிலிருந்து கசியும் இளக்கிகள் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து, பூச்சில் அழியாத வடுவை உண்டாக்கிவிடும். நைட்ரோவுக்குப் பாதுகாப்பானது என்று உறுதி சொல்லப்படாத ஸ்டாண்டாக இருந்தால், கிட்டார் படும் இடங்களில் பருத்தித் துணி சுற்றிவிடுவது நல்லது.

கட்டுமானத்துக்கு வருவோம். உடல் மகோகனி, முகப்பு மேப்பிள். முழுக்கெட்டியாக இருந்தால் தோளை வருத்தும் இந்தச் சேர்க்கையின் எடையைக் குறைக்க, உட்புறத்தில் மரத்தைக் குடைந்து அறைகள் விட்டிருக்கிறார்கள். நின்றபடி நீண்ட நேரம் வாசிக்கிறவருக்கு இது பேருதவி. நெக் மேப்பிளால் ஆனது என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள், ஸ்டாண்டர்டில் அது மகோகனி என்பதால். ஆனால் கிப்சனே 1970-களின் நடுப்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் லெஸ் பால்களை மேப்பிள் நெக்கோடுதான் செய்துவந்தது. மகோகனியைவிடக் கடினமான மரம் அது, வளைவதும் குறைவு. கிப்சனின் தலைப்பகுதி பின்னோக்கி 17 பாகை சாய்ந்திருப்பதும், நட்டுக்கு (தலைப்பகுதியருகே தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) பின்னால் மரம் மெலிந்திருப்பதும் சேர்ந்து, கீழே விழுந்தால் கழுத்தொடிவது லெஸ் பாலின் பழைய பலவீனம். மேப்பிள் இதை ஓரளவு தாங்கும், முற்றிலும் தடுக்காது. கூடவே வருவது மென்பை என்பதால், வெளியூர் கொண்டுசெல்கிறவர் கெட்டியான பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். விலையை ஒப்பிடும்போது அச்செலவையும் சேர்த்துக்கொள்வது நேர்மை.

ஒலியில் இந்தக் கருவி விலைக்குமேல் கொடுக்கிறது. இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின்இரைச்சலை ஒழிக்கும் ஹம்பக்கர் பிக்கப்புக்கு, கிப்சனில் பணியாற்றிய செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-இல் அது லெஸ் பாலில் இடம்பெற்றது. டிரிப்யூட்டில் நெக் பக்கம் 490ஆர், தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் 490டி என்ற பிக்கப்புகள். இரண்டிலும் இருப்பது ஆல்நிக்கோ 2 என்ற உலோகக்கலவைக் காந்தம். ஆல்நிக்கோ 5-ஐவிடச் சக்தி குறைந்த இக்காந்தத்தால் மீட்டலின் முனை சற்றே மழுங்கி, நடுச்சுருதிகள் முன்னுக்கு வருகின்றன. ஆம்ப்ளிஃபையரின் ஒலி லேசாக உடைந்து கரகரக்கத் தொடங்கும் நிலையில் பிரிட்ஜ் பிக்கப்பை வாசிக்கும்போது அதன் முழு அழகும் வெளிப்படுகிறது: விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி தெளிந்தும் உறுமியும் மாறுகிறது, வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கினால் சுத்தமாகிவிடுகிறது. இரு பிக்கப்புகளையும் சேர்த்து வைக்கும் நடுநிலை, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம். பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளுக்கு அதைவிட இனிமையான நிலை இந்தக் கிட்டாரில் இல்லை.

நெக் பிக்கப்பைப் பற்றி இதே உற்சாகத்தோடு எழுத முடியவில்லை. தனித்த சுரங்களில் அது கனிந்து பாடினாலும், ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரக்கவைக்கும் அளவு) கூடக்கூடத் தடித்த தந்திகளின் ஒலி கலங்கிப்போகிறது. பிக்கப்பின் தடித்த தந்திப் பக்கத்தைத் திருகாணியால் சற்றே இறக்கினால் கலக்கம் பெருமளவு குறையும். செலவில்லாத இத்திருத்தத்தைச் செய்து பார்க்காமல் பிக்கப்பை மாற்ற ஓடுவது வீண். ஒற்றைச் சுருளாகப் பிரித்து வாசிக்கும் வசதி இதில் இல்லை. அந்த மெல்லிய, மணியொலி போன்ற சத்தம் வேண்டுவோர் வேறு கிட்டாரைப் பார்க்கலாம்.

நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலான அளவு 24.75 அங்குலம்; ஃபெண்டர்களின் 25.5 அங்குலத்தோடு ஒப்பிட்டால், அதே தந்தி அதே சுருதியில் இங்கே தளர்வாக நிற்கும் என்பதால் தந்தியை வளைத்து வாசிப்பது எளிது. மூன்றுக்கு மூன்றாக முடுக்காணிகள் அமைந்த தலைப்பகுதியில், நடுவிலுள்ள ஜி, டி தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில் உராய்வு கூடி, தந்தியை வளைத்தபின் ஜி சுருதி விலகுவது இந்த வடிவத்துக்கே உரிய தொல்லை. ஸ்டாண்டர்டுக்குக் கூடுதலாகச் செலவிட்டாலும் அது கூடவே வரும். நட்டின் பள்ளத்தை அனுபவமுள்ளவர் ஒருவரிடம் சரியாக அரம்போட்டு வாங்கி, கொஞ்சம் கிராஃபைட் இட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தந்தியின் உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.2 மி.மீ. அளவில் இருப்பது கிப்சனின் வழக்கமான அமைப்பு. வாங்கும்போது அளவுகோலை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட். அதற்கு விளிம்புப் பட்டை கிடையாது. காற்று வறண்ட பருவத்தில் பலகை சற்றே சுருங்க, ஃப்ரெட்டுகளின் உலோக முனைகள் வெளியே நீட்டி விரலைக் கீறும் வாய்ப்பு இத்தகைய நெக்குகளில் அதிகம். வாங்கும் முன் உள்ளங்கையை இரு விளிம்புகளிலும் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்டையே வாங்கி மிச்சத்தை ஆம்ப்ளிஃபையரில் போடலாமே என்று கேட்பவருக்கு மறுப்புச் சொல்வது கடினம். ஆம்ப்ளிஃபையர் சுமாராக இருக்கும் வீட்டில் டிரிப்யூட்டின் மேன்மை பாதிதான் கேட்கும். நல்ல ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருக்கிறது, இனி கையிலிருக்கும் கருவிதான் தடை என்ற நிலைக்கு வந்தவருக்கு டிரிப்யூட் சரியான அடுத்த படி. கிப்சன் ஸ்டாண்டர்டுக்கும் இதற்கும் இடையே தயங்குகிறவர், கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் வாசித்துப் பார்க்கட்டும்; வேறுபாடு தெரியும், ஆனால் விலைச்சீட்டு சொல்லும் அளவுக்குத் தெரியாது. மேடையில் விளக்கொளி பட்டு மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்களும் உண்டு, அதிலும் தவறொன்றுமில்லை. அவர்கள் சேமித்துக் காத்திருப்பதே நலம்.

பழையதாக வாங்குகிறவருக்குச் சாட்டின் இன்னொரு வகையில் உதவுகிறது. உடலில் மின்னும் திட்டுகளைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம், வாசிப்புக்கு அவற்றால் எந்தக் கேடும் இல்லை. மாறாக, நட்டுக்குப் பின்புறத்தில் மட்டும் பூச்சு தனியே பளபளத்தாலோ, நிறம் சற்றே மாறித் தெரிந்தாலோ, அது ஒடிந்து ஒட்டவைத்துத் தேய்த்த இடமாக இருக்கலாம். விளக்கைச் சாய்வாகப் பிடித்து, அந்த இடத்தில் மயிரிழைக் கோடு எதுவும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.