தரவுத்தள இணைப்பு: உடனே துண்டிப்பதா, ஆயுள் முடிய விடுவதா?

பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் நடத்தும் சிறு குழுக்களில், ஊழியர் ஒருவர் விலகும்போது இந்தக் கேள்வி எழுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் கடவுச்சொல்லை இணைப்பின் தொடக்கத்தில் மட்டுமே சரிபார்ப்பதால், கடவுச்சொல்லை மாற்றினாலும் நுழைவுரிமையை நீக்கினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு, அதாவது இணைப்பு, தொடர்ந்து இயங்கும். அதை மூட இரண்டு வழிகள்: நிர்வாகி உடனே வெட்டுவது (துண்டிப்பு), அல்லது ஒவ்வொரு இணைப்புக்கும் மென்பொருள் வைத்திருக்கும் காலம் முடிந்து அது தானே மூடப்பட விடுவது (ஆயுள் வரம்பு).

வேகம்
துண்டிப்பு: நிர்வாகி கட்டளையிட்டதும் பெரும்பாலும் நொடிகளில் முடியும்.
ஆயுள் வரம்பு: இணைப்புகளைத் திறந்து வைத்து மென்பொருளுக்கு மாற்றி மாற்றித் தரும் ஹிகாரி என்ற இணைப்புத் தொகுப்பில் இயல்பான வரம்பு 30 நிமிடம், அதுவரை காத்திருக்க வேண்டும்.

இடையூறு
துண்டிப்பு: பாதியில் நிற்கும் பரிவர்த்தனை ரத்தாகும், மென்பொருள் அதை மீண்டும் முயலத் தெரிந்திருக்க வேண்டும்.
ஆயுள் வரம்பு: பயன்பாட்டில் உள்ள இணைப்பு, வேலை முடிந்து தொகுப்புக்குத் திரும்பிய பிறகே மூடப்படும்.

நம்பகம்
துண்டிப்பு: முதலில் நுழைவுரிமையை நீக்கி, அதன் பிறகே அமர்வை வெட்ட வேண்டும், வரிசை மாறினால் அதே பயனர் மறுகணமே இணைந்துவிடுவார்.
ஆயுள் வரம்பு: இது மென்பொருளின் பக்கத்தில் இயங்குவது, தொகுப்பைத் தவிர்த்துத் தன் கணினியிலிருந்து நேரடியாக இணைந்தவரை இது தொடவே தொடாது. அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ், கடவுச்சொல்லுக்குப் பதிலாக வழங்கும் 15 நிமிட அடையாளச்சீட்டும் புதிய இணைப்புக்கான காலக்கெடுவே தவிர, திறந்த இணைப்பை அது மூடுவதில்லை. பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகப் பலர் தவறாக நம்புவது இங்கேதான் என்பது என் கவலை.

மென்பொருளின் கடவுச்சொல்லை வழக்கமாகப் புதுப்பிக்க ஆயுள் வரம்பு போதும். ஆள் விலகினாலோ கடவுச்சொல் கசிந்தாலோ, துண்டிப்பைத் தவிர வேறெதையும் நம்பக் கூடாது.