160 ஏக்கரில் எட்டு வருடம்: நெப்ராஸ்காவிலிருந்து நண்பனுக்கு

வடக்கு லூப் பள்ளத்தாக்கு, நெப்ராஸ்கா
1881 நவம்பர்

நண்பா,

"அங்கே நிலம் நிஜமாகவே இலவசமா?" என்று கேட்டிருந்தாய். எட்டு வருடம் இதே மண்ணில் புரண்டவன் சொல்கிறேன்: நிலம் இலவசம், தண்ணீருக்குத்தான் விலை. அந்த விலை தெரிந்து வா. ஆனால் கட்டாயம் வா. இல்லினாயில் இன்னொருவன் காட்டை விளைச்சல் பங்குக்கு உழுது நீ தேய்வது போதும்.

சட்டம் எளிது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம்தான் இன்றும் நடப்பு. 21 வயது ஆனவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கருக்குப் பதியலாம். ஐந்து வருடம் குடியிருந்து, பயிர் வைத்து, இரண்டு சாட்சிகளோடு போய் நிரூபித்தால் பட்டா. ஆரம்பம் முதல் பட்டா வரை நான் கட்டிய கட்டணம் மொத்தம் 18 டாலர். காத்திருக்க முடியாதவர்கள் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். நீ அப்படிச் செய்யாதே. அந்தப் பணம் உனக்குக் கிணற்றுக்கு வேண்டியிருக்கும்.

1873 வசந்தத்தில் நான் வந்தபோது, ரயில் பாதைக்குப் பக்கத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 80 ஏக்கர்தான் கிடைத்தது. 160 வேண்டுமென்று லூப் ஆற்றோடு மேலே ஏறி வந்தேன். (1879-ல் அந்தத் தடை நீங்கிவிட்டது.) வந்த இடத்தில் பெரிய தவறு செய்தேன். மேட்டு நிலம் மேசை மாதிரி சமமாக, ஒரு கல், ஒரு மரவேர் இல்லாமல் கிடந்தது. பார்த்ததும் மயங்கிப் பதிந்துவிட்டேன். எனக்கு முன்பே வந்தவர்கள் ஆற்றோரப் பள்ளத்தில் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு 20 அடியில் தண்ணீர். எனக்கு 130 அடி. இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று முறை, மாட்டு வண்டியில் பீப்பாய் ஏற்றி ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தோம். என் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கன்றுக்கு வைப்பாள், கன்று மிச்சம் வைத்ததைத் தக்காளிச் செடிக்கு ஊற்றுவாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மாறி மாறி இறங்கித் தோண்டினோம். ஒவ்வொரு காலையும் முதலில் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அது அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை. இப்போது அந்தக் கிணற்றின் மேல் காற்றாலை நிற்கிறது. அது சுற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரம் கிடையாது. அதனால் புல்வெளியையே ஏரால் பட்டை பட்டையாக அறுத்து, மண்வெட்டியால் துண்டாக்கி, புல் பக்கம் கீழே வரும்படி செங்கல் போல அடுக்குவோம். சுவர் இரண்டடிக்கு மேல் தடிமன். கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு. இந்த விஷயத்தில் உன் பலகை வீடு கிட்டவே வராது. கூரைதான் துன்பம். வெளியே ஒரு நாள் மழை பெய்தால் உள்ளே மூன்று நாள் சொட்டும். பாம்பு விழுந்ததும் உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, கூரைக்குக் கீழே துணி கட்டிய பிறகுதான் என் மனைவி இதை வீடு என்று ஒப்புக்கொண்டாள். அடுப்புக்கு முறுக்கிய வைக்கோல், மக்காச்சோளக் கட்டை, காய்ந்த சாணம். நன்றாகவே எரியும்.

முதல் வருடம் பெரிய விளைச்சலை எதிர்பார்க்காதே. இந்தப் புல்வேரை அறுப்பது கயிற்றுப் பாயை அறுப்பது போல. ஒரு நாளில் ஒரு ஏக்கர் உழுதாலே பெரிது. திருப்பிப் போட்ட மண்ணில் கோடரியால் வெட்டி, அந்தப் பிளவில் மக்காச்சோள விதை போட்டுக் காலால் மிதித்துக்கொண்டே போவோம். இரண்டாம் வருடம் மண் பொலபொலவென்றாகிவிடும்.

எங்கள் இரண்டாம் வருடம் 1874. ஜூலைக் கடைசியில் வெயிலை மறைத்துக்கொண்டு வெட்டுக்கிளி இறங்கியது. மக்காச்சோளம் முழுவதும் போயிற்று. வெங்காயத்தைத் தரைக்குள் குழி விழும்வரை தின்றன, வியர்வை ஏறிய மண்வெட்டிப் பிடியைக்கூட அரித்தன. கோதுமையை முன்பே அறுத்திருந்ததால் ரொட்டிக்கு வழி இருந்தது. நீயும் அதைக் கட்டாயம் விதை. அந்த இலையுதிர் காலத்தில் ராணுவம் இங்கே ஹார்ட்சஃப் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. சரளைக் கல் கலந்த கான்கிரீட் சுவர்கள். அந்தக் கூலி இல்லாவிட்டால் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் திரும்பிப் போயிருப்பார்கள், நானும்தான். இந்த வருடம் கோட்டையைக் காலி செய்துவிட்டார்கள். என் வெண்ணெய்க்கு இருந்த சந்தையும் போயிற்று. இதையும் மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று. இதை வெற்று நிலம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். நான் ஆற்றோடு மேலே வந்தபோது பானி என்ற பூர்வகுடி மக்களின் மண் வீடுகளையும் மக்காச்சோளக் கொல்லைகளையும் கடந்துதான் வந்தேன். அரசோடு செய்த 1857 ஒப்பந்தத்தில் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து, அந்தச் சின்னத் துண்டில் இருந்தவர்கள். 1875-க்குள் அவர்களைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள். என் பட்டாவை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கொல்லைகள் நினைவுக்கு வரும். நீயும் தெரிந்துகொண்டு வா.

உன் மனைவியிடம் தனிமையைப் பற்றி மறைக்காமல் சொல். இங்கே காற்று ஓயாது. முதல் பனிக்காலத்தில் ஆறு வாரம் எங்கள் வீட்டுக்கு வேறு மனித முகம் வரவில்லை. இப்போது அரை மைலில் அயல்வீடு, இரண்டு மைலில் பள்ளிக்கூடம்.

கையில் 500 டாலராவது சேர்த்துக்கொண்டு வா. ஒரு ஜோடி மாடு, ஒரு பசு, நல்ல எஃகு ஏர், ஒன்றரை வருடத்துச் சாப்பாடு, கிணறு எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்குக் குறைவாக வந்த மூன்று குடும்பங்கள் அடமானத்தில் நிலத்தை விட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வடக்கே ஓடைக்கரையில் ஒரு கால் செக்ஷன், அதாவது 160 ஏக்கர், இன்னும் யாரும் பதியாமல் இருக்கிறது. மேட்டு நிலம் இல்லை, நானே மண்துளைப்பான் வைத்துப் பார்த்தேன், 25 அடியில் ஈரம். மார்ச்சுக்குள் கிராண்ட் ஐலண்டுக்கு ரயிலேறு. தேதியை முன்கூட்டியே எழுது, வண்டியோடு வந்து நிற்கிறேன். விதை உருளைக்கிழங்கு கொண்டுவர வேண்டாம், என் பாதாள அறையில் உனக்கென்று இரண்டு மூட்டை ஒதுக்கியிருக்கிறேன்.