தருமபுரியில் பத்து மாதம் குடியிருந்து பார்த்தேன்: ஊருக்குத் திரும்ப நினைக்கும் பெங்களூர் ஆட்களுக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பையும் கையுமாக பஸ்ஸுக்கு நிற்கும் நம் ஆட்களிடம் அஞ்சு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் போதும், "பேசாம ஊருக்கே போயிடலாமான்னு இருக்கு" என்று ஒருத்தராவது சொல்லிவிடுவார். பொம்மனஹள்ளியில் பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறேன், நானும் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தவள்தான். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவானபோது, ஆபீஸில் கேட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி, நாலாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு தருமபுரி டவுனில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டேன். கணவர் பெங்களூரிலேயே இருந்தார், சனி ஞாயிறு வந்து போவார். அந்தப் பத்து மாதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோயம்புத்தூர், சேலம், ஓசூர் எல்லாம் வேறு கதை, அதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் தண்ணீர். எங்கள் கிராமம் பாலக்கோடு பக்கம். அம்மா வயது ஆட்கள் சிரித்தாலே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும், பல்லெல்லாம் பழுப்புக் கறை. போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு செய்த வேலை அது. பல்லோடு நிற்காது, எலும்பிலும் மூட்டிலும் போய் உட்காரும். அம்மாவின் முழங்கால் போனதற்கு அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா கூட வேலைக்குப் போன பெண்களில் காலைப் பிடித்துக்கொண்டு எழாத ஒருத்தரை நான் பார்த்ததில்லை. ஜப்பான் கடன் வாங்கிக் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் ஓட ஆரம்பித்த பிறகுதான் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் குடிக்கக் கிடைத்தது. என் மகள் வயதுப் பிள்ளைகள் பல் வெள்ளையாகச் சிரிப்பதைப் பார்த்து அம்மா ஒரு நாள் சும்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு முறை, விடியற்காலையில் ஒரு மணி நேரம் வந்தது. தொட்டியை நிரப்பிக்கொண்டால் எங்கள் மூன்று பேருக்குப் போதும், மற்றதுக்கு போர் தண்ணீர். 2024 கோடையில் பொம்மனஹள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட் போர் வற்றி, டேங்கர்காரர் போனை எடுக்காமல், குழந்தையை ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பிய எனக்கு இது பெரிய விஷயம். பெங்களூருக்கும் அதே காவிரிதான், தொரேகாடனஹள்ளியிலிருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் குழாயில் மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். அதே ஆறு கீழே இறங்கி வந்து எங்கள் ஒகேனக்கல்லில் விழுகிறது.

ஆஸ்பத்திரி பற்றித்தான் போவதற்கு முன் அதிகம் பயந்தேன். நாலாவது மாதம் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், பெயர் வேண்டாம். அங்கே இருந்த சின்ன டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஈசிஜி கூட எடுக்காமல் "சேலம் கொண்டு போயிடுங்க" என்றார். சேலம் என்றால் அறுபது கிலோமீட்டருக்கு மேல், நடுவில் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைச் செய்தியில் படிக்காதவர் எங்கள் பக்கம் யாரும் கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிகளுக்கு நடுவே அம்மாவைப் படுக்கவைத்துக்கொண்டு அந்த வழியில் போவதா என்று எனக்குக் கை நடுங்கியது. ஆட்டோ அண்ணன்தான், "எதுக்கும்மா சேலம், மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம்" என்று வண்டியைத் திருப்பினார். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008லிருந்து இருக்கிறது, ஆனால் பெங்களூரில் இருந்து பழகிய எனக்கு அரசு ஆஸ்பத்திரி என்ற நினைப்பே அந்த நேரத்தில் வரவில்லை. போனதும் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், விடியும் வரை பெட்டில் வைத்துப் பார்த்தார்கள். இதயம் இல்லை, பிரஷர் எகிறியிருந்தது, வயிற்றில் வாயுவும் சேர்ந்துகொண்டது. கூட்டம் அதிகம், கழிவறை சுத்தமாக இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ராத்திரியில் என் அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசிய அந்தப் பயிற்சி டாக்டர் பெண்ணை நான் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் இந்த அரசுத் திட்டம், மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. காலுக்குப் பயிற்சி கொடுக்கவும் வீடு தேடி வந்தார்கள். பெங்களூரில் அதே பயிற்சிக்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கும் ஆளுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும், போகவர சில்க் போர்டு நெரிசலில் அம்மாவின் கால் இன்னும் வீங்கியிருக்கும். கால் கொஞ்சம் தேறியதும் அம்மா டவுன் பஸ்ஸில் தானே ஏறி மார்க்கெட் போக ஆரம்பித்தார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எந்த ஊர் ஆதார் என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரில் அந்த இலவசம் கர்நாடக முகவரி இருந்தால்தான், அம்மா காசு கொடுத்துத்தான் போக வேண்டும்.

மகளை நகராட்சிப் பள்ளியில் சேர்த்தேன். வருஷ நடுவில் வேறு எங்கும் இடமில்லை என்பதுதான் முதல் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. பெங்களூரில் அவள் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பாள், தமிழ் காதால் கேட்டதோடு சரி. வகுப்பு டீச்சர் சாயங்காலம் அரை மணி நேரம் கூட உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை. ஆறாவது மாதம் பஸ் போர்டெல்லாம் படிக்க ஆரம்பித்தாள், அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி, பென்னாகரம் என்று ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பாள். காலையில் பள்ளியிலேயே கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு கொடுக்கிறார்கள். வீட்டில் சாப்பிடாத பிள்ளை அங்கே மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அங்கே இருந்த குறை, பாடத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. நீச்சல், பாட்டு, செஸ் என்று எதைக் கேட்டாலும் ஒரே ஒரு இடம் இருக்கும், அதுவும் நம் நேரத்துக்கு ஒத்துவராது.

செலவு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெங்களூரில் இருபத்துநாலாயிரம் வாடகை, தருமபுரியில் தனி வீடு ஒன்பதாயிரம். பாலக்கோடு தக்காளியைப் பெங்களூரில் வாங்குகிற விலையில் பாதிக்கு அங்கேயே வாங்கலாம். கரண்ட் மட்டும் பெங்களூரில் எனக்குப் பரவாயில்லை, கர்நாடகாவில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், அங்கே நான் இருந்தபோது ரெண்டு மாதத்துக்கு 100.

சரி, இவ்வளவு நல்லது சொன்ன பிறகு அங்கேயே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். ஓசூரில் காண்ட்ராக்ட் வேலை, மாதம் பதினாறாயிரம், அஞ்சு பேர் ஒரு ரூமில். நான் ஊரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவன் கோபப்படாமல் ஒன்று கேட்டான்: "அக்கா, உங்க சம்பளம் பெங்களூர்ல இருந்து வருது, செலவு தருமபுரியில பண்றீங்க. எனக்கு ரெண்டுமே தருமபுரின்னா நான் எப்படி இருக்கறது?" எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. ஓசூர் ஒரு காலத்தில் எங்கள் மாவட்டம்தான். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, எழுபதுகளிலிருந்து வளர்ந்த ஓசூர் சிப்காட்டும் அதன் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. எங்களுக்கு மிஞ்சியது மானாவாரி நிலமும், புளியும், நிலக்கடலையும், பட்டுக்கூடு அங்காடியும். சேலத்தில் 2024இல் ஐடி கம்பெனிகளுக்கான மினி டைடல் பார்க் திறந்தபோது அந்தத் தம்பி ரெண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தருமபுரிக்கும் ஏதாவது வரும் என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள், நானும் வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன், ஆனால் அவனுக்கு இப்போதே இருபத்தாறு வயது.

ரயிலும் அப்படித்தான். மெட்ராஸ் போகிற பெரிய பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது, தருமபுரியிலிருந்து அங்கே ரோட்டில்தான் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரைக்கும் சின்ன ரயில் ஓடியது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பாதைக்குத் திரும்ப 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார் என் அப்பா காலத்திலிருந்து இந்த ரயிலைப் பற்றிப் பேசுகிறவர், இன்னும் பேசுகிறார்.

இன்னொன்று இருக்கிறது, இதை எழுதாமல் விட என் மனசு ஒப்பவில்லை. வீடு தேடும்போது ஏழு வீட்டில் ஆறு வீட்டில் வாடகை சொல்வதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்டார்கள். நான் சொன்ன பதிலுக்கு வீடு கிடைத்தது. என்கூட பொம்மனஹள்ளியில் வேலை பார்க்கும் என் தோழிக்குக் கிடைத்திருக்காது. அவளும் தருமபுரி மாவட்டம்தான். 2012 நவம்பரில் தலித் மக்கள் குடியிருந்த நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தினார்களே, அப்போது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகலாமா என்று நான் அவளிடம் கேட்டபோது அவள் சொன்னது: "உனக்கு அது ஊரு. எனக்கு அது அம்மா அப்பா இருக்கற இடம். பெங்களூர்ல வாடகை அதிகம்தான், ஆனா அட்வான்ஸ் கொடுத்தா சாவி கொடுத்துட்டான், வேற எதுவும் கேக்கல." பெங்களூரிலும் கேட்கிற வீட்டுக்காரர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் அவள் தேடியபோது நகர்ந்து போக அடுத்த தெரு இருந்தது. தருமபுரியில் அடுத்த தெருவிலும் அதே கேள்விதான். தண்ணீர், பள்ளி, ஆஸ்பத்திரி என்று நான் மேலே எழுதிய நல்லதெல்லாம் அவளுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் வருகிறது, அவள் சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

இதோடு இன்னொன்று, பெண்கள் விஷயம். ராத்திரி எட்டரைக்கு மேல் தனியாக நடந்தால் பயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறுநாள் காலை கோலம் போடும்போது யாராவது "நேத்து ராத்திரி எங்க போயிட்டு வந்த கண்ணு" என்று கேட்பார்கள். அதே அக்காக்கள்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ரெண்டும் ஒரே கண்தான், ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள முடியாது. எனக்கு நாற்பது நெருங்குகிறது, பழகிவிட்டது. இருபத்தஞ்சு வயதில் என்னால் முடிந்திருக்காது.

மதிப்பெண் கேட்டால் ஒரே எண்ணாக என்னால் கொடுக்க முடியாது. அம்மாவுக்கு அஞ்சுக்கு நாலு, மகளுக்கும் நாலு, வெளியூர்ச் சம்பளத்தோடு போன எனக்கு மூன்றரை, பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒன்று. தோழிக்கு என்ன போடுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

ஆபீஸில் வாரம் மூன்று நாள் கட்டாயம் வர வேண்டும் என்று சொன்னதால் திரும்பிவிட்டேன். அம்மா வரவில்லை, மாமாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த வாடகை வீட்டிலேயே இருக்கிறார், நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை சாந்திநகரில் பஸ் ஏறிவிடுகிறேன். வீட்டிலிருந்தே வேலை என்று நிரந்தரமாக யாராவது எழுதிக் கொடுத்தால் நான் மறுபடி போவேன்.

போக நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். இன்டர்நெட் ரெண்டு இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மழையில் எனக்கு நாலு நாள் ஒரேயடியாகப் போய்விட்டது, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன். வயதானவர்கள் இருந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷத்தில் போகிற இடமாகப் பாருங்கள், வாடகை ஆயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. அப்புறம், தெரிந்த ஆட்டோக்காரர் ஒருத்தர் நம்பரை முதல் நாளே வாங்கி ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.