தந்தையைக் கொன்றால் பட்டம்: 'கிரியேஷன் ஆஃப் த காட்ஸ்' முதல் பாகம்

சிற்றரசர்களில் பெரியவர்கள் நால்வரைத் தலைநகருக்கு வரவழைக்கிறான் பண்டைய சீனாவின் ஷாங் வம்சப் பேரரசன் யின் ஷோவ். நால்வரின் மகன்களும் அவனிடம் பிணையாக வளர்ந்தவர்கள், அவனுடைய படைவீரர்கள். தந்தையைக் கொல்பவனுக்கே தந்தையின் பட்டம் என்று அவர்கள் முன் ஆணையிடுகிறான். ஒருவன் கூசாமல் குத்துகிறான். ஒருவன் அரசன் மீதே பாய்ந்து உயிரை விடுகிறான். மேற்குத் திசையிலிருந்து வந்த ஜி ஃபா மட்டும் வாளோடு நிற்கிறான். அரசனைத் தன் தந்தைக்கும் மேலாக நம்பியவன் அவன். அந்த நம்பிக்கை உடைவதை, ஜி ஃபாவாக நடித்த யூ ஷியின் முகத்தில் பார்க்கலாம். என் பக்கத்தில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்த கல்லூரி மகன் கையை அப்படியே நிறுத்திவிட்டான்.

வூர்ஷான் இயக்கி 2023-ல் வெளியான இந்தப் படத்தின் உயிர் இந்தத் தந்தை மகன் கதைதான். மூலம், மிங் காலத்தில் எழுந்த 100 அத்தியாயப் புராணக் கதையான 'ஃபெங்ஷென் யான்யி'. கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் ஷாங் வம்சம் சரிந்து ஜோவ் வம்சம் எழுந்ததைத் தேவர்களும் பூதங்களும் கலந்து சொல்வது அது. நரி ஆவி புகுந்த சு தாஜி என்ற பெண்தான் அரசனைக் கெடுத்தாள் என்று காலங்காலமாகப் பழி சொல்லி வந்திருக்கிறார்கள். இந்தப் படம் அதை ஏற்கவில்லை. நரி வருவதற்கு முன்பே இவன் மனம் அழுகித்தான் கிடக்கிறது. அவள் அவன் ஆசைக்குத் துணை போகிறாள், அவ்வளவே. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

அந்த அரசனாக வரும் ஃபேய் சியாங் 1980-களில் சீனாவையே ஆட்டிவைத்த பாடகர். அறுபதை நெருங்கிய வயதிலும் என்ன கம்பீரம்! பனியில் கோட்டையை முற்றுகையிடும் முதல் காட்சியில், நெருப்புக்கு மிரளும் குதிரைகளின் கண்ணைக் கட்டச் சொல்லி முன்னால் பாய்கிறார். அவர் பின்னால் ஏன் இத்தனை பேர் போகிறார்கள் என்பது அங்கேயே புரிந்துவிடுகிறது.

ஜி ஃபாவின் தந்தையாக லி ஷ்வேஜியன் நடித்த ஜி சாங் பாத்திரம் வேறு உயரம். தந்தையை மீட்க வந்த மூத்த மகனைக் கொன்று, அவன் கறியைச் சிறையில் கிடக்கும் தந்தைக்கே உண்ணக் கொடுக்கிறான் அரசன். சிறுத்தொண்டர் கதை கேட்டு வளர்ந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அங்கே கேட்டது இறைவன், கொடுத்தது பக்தி. இங்கே வெறும் கொடுமை.

குறைகள் உண்டு. தொடக்கத்தில் பெயர்கள் மேலே மேலே வந்து விழுகின்றன. யார் யாருக்கு மகன் என்று பிடிபட நேரமாகிறது. ஹுவாங் போ நடித்த முனிவர் ஜியாங் சியாவின் சிரிப்புப் பகுதி தனிப் படம்போல ஓடுகிறது. அவருக்குத் துணை வரும் மாய வீரர்கள் நேஜாவுக்கும் யாங் ஜியனுக்கும் வேலையே குறைவு. கடைசிச் சண்டையில் இறக்கை முளைத்த லெய் ஜென்சி கணினிப் பொம்மையாகவே தெரிகிறான். அதுவரை மனிதர்களை நம்பிய படம், அங்கே போய் ஏன் கிராபிக்ஸை நம்பியது?

ரத்தமும் தலைவெட்டும் நிறைய, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒளிப்பதிவுக்காகவே பெரிய திரையில் பாருங்கள். 2025 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்துக்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகும் காட்சி இருக்கிறது.